ஐந்தாவது ஏன்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

விஜயகுமார், ஆலை மேலாளர்.
ரஞ்சிதா, மனிதவளத் துறை.
நாராயணப்பன், துப்புரவுக்கும் காவலுக்கும் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர்.
மாதேஸ்வரன், டேட்டாபேஸ் பொறுப்பு.

ரஞ்சிதா தட்டெழுதியது இவ்வளவுதான். அறையில் ஐந்தாவதாக சரஸ்வதியும் இருந்தாள். பிளாஸ்கிலிருந்து காகிதக் கப்புகளில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். டீ ஊற்றுகிறவர்கள் வருகைப் பட்டியலில் வருவதில்லை. அப்படி யாரும் விதி போடவில்லை. ஆனால் யாரும் மீறியதும் இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணி. ஓசூர் சிப்காட்டில் பிரேக் சிலிண்டர் செய்கிற கம்பெனி அது. லைன் நின்றிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதல் ஷிப்ட் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மெஷின் ஓடாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பதால் நின்றார்கள்.

சுவரில் ஒரு படிவம் பெரிதாக ஒளிர்ந்தது. தலைப்பில் என்ன கெட்டுப்போனது என்று எழுத ஒரு வரி. அதன் கீழே ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் ‘ஏன்?’ என்று இருந்தது. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் நாலு மாதம் வேலை பார்த்த எவருக்கும் இந்தப் படிவம் தெரியும். ஒய்-ஒய் என்பார்கள். ஏதாவது கெட்டுப்போனால் ஏன் என்று கேட்க வேண்டும். வந்த பதிலைப் பிடித்து மறுபடியும் ஏன் என்று கேட்க வேண்டும். ஐந்து முறை கேட்டால் வேர் தட்டுப்படும் என்று ஏற்பாடு. மாதேஸ்வரன் இந்த மூன்று வருஷத்தில் பார்த்தவரை வேர் தட்டுப்பட்டதில்லை. ஐந்தாவது கட்டத்தில் ஓர் ஆள் தட்டுப்படுவார். மறுநாள் அந்த ஆள் வேலைக்கு வரமாட்டார்.

ஒரு மணிக்குச் சென்னையிலிருந்து வாடிக்கையாளர் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் ஐந்து கட்டமும் நிரம்பியாக வேண்டும்.

மாதேஸ்வரன் ஒப்பந்தத்தில் இருப்பவன். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் நிரந்தரம். கடிதம் தயாராகி ரஞ்சிதாவின் மேஜை இழுப்பறையில் கிடந்தது. அவளே காட்டியிருந்தாள். கையெழுத்து மட்டும் பாக்கி.

“ஆரம்பிங்கய்யா,” என்றார் விஜயகுமார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓசூர் வந்து பதினெட்டு வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. “என்ன போச்சு? சுருக்கமா சொல்லுங்க.”

“ஏழு வாரத்து ரெக்கார்டு சார். ஆயுத பூஜைக்கு அப்புறம் லைன்ல ஓடினது அத்தனையும். ஒரு லட்சத்து பன்னெண்டாயிரம் சிலிண்டர்.”

“சிலிண்டர் எங்க இருக்கு?”

“வண்டில இருக்குது சார். ரோட்ல ஓடிக்கினு இருக்குது.”

ரஞ்சிதா எழுதினாள். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பார்கோடு உண்டு. எந்த வார்ப்பிலிருந்து வந்தது, யார் பூட்டியது, கசிவுச் சோதனையில் என்ன அளவு காட்டியது, எல்லாம் அந்தக் கோட்டின் பெயரில் டேட்டாபேஸில் இருக்கும். நாளைக்கு ஒரு வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்றால், அந்தச் சிலிண்டரோடு சேர்ந்து பிறந்தவை எவை என்று தேடி எடுக்க அதுதான் வழி. இப்போது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரமும் ஊர் பேர் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

“முதல் ஏன்?”

“டிஸ்க் செத்துப் போச்சு சார். ரெண்டு.”

உண்மையில் கதை அங்கே ஆரம்பிக்கவில்லை. லைனில் ஒரு பெண் சிலிண்டரை ஸ்கேன் செய்தால் ‘பீப்’ என்று பதில் வர மூன்று விநாடி ஆகும். பூஜைக்குப் பிறகு அது ஏழு விநாடி ஆனது. ஒரு சிலிண்டருக்கு இருபது விநாடி என்று கணக்கு வைத்து ஓடுகிற லைனில் ஏழு விநாடி நிற்பது பெரிய விஷயம். எண்ணிக்கை விழுந்தது. சூப்பர்வைசர்கள் பெண்களைத் திட்டினார்கள். பெண்கள் ஸ்கேனரைத் திட்டினார்கள். கடைசியில் எல்லாத் திட்டும் மாடிப்படி ஏறி மாதேஸ்வரனிடம் வந்தது.

அவன் நாலு நாள் உட்கார்ந்து பார்த்தான். டேட்டாபேஸ் ஒவ்வொரு வேலையையும் இரண்டு முறை எழுதும். முதலில் லாக் என்னும் நாட்குறிப்பில், வந்த வரிசையில் ஒரு வரி. பிறகு சாவகாசமாக, உரிய இடத்தைத் தேடிப்போய் இன்னொரு முறை. நாட்குறிப்பு நேராக எழுதிக்கொண்டே போகும். மற்றது கண்ட இடமெல்லாம் அலையும். இரண்டையும் ஒரே டிஸ்க்குகளில் வைத்தால், கணக்கெழுதுகிறவனை வரிக்கு ஒருமுறை எழுப்பி கோடவுனுக்கு அனுப்புவது மாதிரிதான். நாட்குறிப்புக்குத் தனியாக இரண்டு டிஸ்க் கொடுத்துவிட்டால் வேகம் வரும். புத்தகத்தில் உள்ளதுதான். அவன் கேட்டான். இந்த முறை விஜயகுமார் உடனே கையெழுத்துப் போட்டார்.

பூஜைக்குப் பிறகுதான் மெதுவானது என்று மாதேஸ்வரனுக்குத் தெரியும். ஏன் பூஜைக்குப் பிறகு என்று அவன் கேட்கவில்லை. வருஷம் முழுக்க ஏன் ஏன் என்று கேட்கிற கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன், அந்த ஒரு ‘ஏன்’ஐ மட்டும் விட்டுவிட்டான்.

“ரெண்டாவது ஏன். ரெண்டு டிஸ்க் எப்படி ஒரே நாள்ல சாகும்?”

“ஒரே நாள்ல சாகல சார். மூணாவது டிஸ்க்கு பூஜை முடிஞ்ச ரெண்டாம் நாளே செத்துப் போச்சு. அஞ்சாவது நேத்து. ஆறு டிஸ்க்குல ஒண்ணு போனா மத்த அஞ்சும் சேர்ந்து அதோட வேலையையும் கணக்குப் போட்டு சமாளிக்கும். மெதுவா ஓடும், ஆனா ஓடும். ரெண்டு போனா ஒண்ணுமில்ல.”

“அப்போ ஸ்லோவா ஓடினதே அதனாலதானா?” ரஞ்சிதா தட்டெழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

மாதேஸ்வரன் மேஜையைப் பார்த்தான். “ஆமா மேடம்.”

“அய்யோ. அப்ப நீங்க வாங்கின புது டிஸ்க்கு?”

“அது நல்லா இருக்குது.”

நாராயணப்பன் சிரித்துவிட்டார். “காய்ச்சல்ல கெடக்கறவனுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் குடுத்துருக்காரு சாரு.”

“ஓய், சிரிக்காதேயும்,” என்றார் விஜயகுமார். “நகல் இருக்கணுமே? பேக்கப் எங்க?”

“ஈ டிரைவ்ல இருந்துது சார்.”

“அது?”

“அதுவும் அதே ஆறு டிஸ்க்குதான்.”

இதுதான் அவனால் ஜீரணிக்க முடியாதது. இந்தப் பொறுப்பில் முன்பு இருந்து, எட்டு மாதம் முன்பு பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போன மோகன்குமார் அமைத்துவைத்த இடவமைப்பு அது. திரையில் டி டிரைவ் தனி, ஈ டிரைவ் தனி. ஈக்குப் பெயரே பேக்கப். ஆபீசில் எல்லோரும் டிரைவ் என்றும் டிஸ்க் என்றும் ஒரே பொருளில் சொல்வார்கள். மாதேஸ்வரனும் சொல்வான். பர்கூர் பக்கம் அவன் அப்பாவும் சித்தப்பாவும் நிலத்தைப் பாகம் பிரித்தபோது பட்டாவில் இரண்டு எண் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் போர்வெல் ஒன்றுதான். அது வற்றிய வருஷம் இரண்டு பட்டாவும் சேர்ந்து காய்ந்தது. அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன், மூன்று வருஷம் இதைப் பார்க்கவில்லை. பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் வெளியே ஒரு டிஸ்க்கில் நகலெடுத்து இரும்பு பீரோவில் வைத்திருந்தான். அதனால் பூஜை வரைக்கும் மிஞ்சியது.

“வெளிய வைக்கிற பேக்கப் பெட்டி கேட்டு மூணு தடவ மெயில் போட்டிருக்கன் சார்,” என்றான் மெதுவாக.

விஜயகுமார் கப்பை வைத்தார். “அந்த ரூட்ல போக வேண்டாம்யா. அது வேற பேப்பர். ரெண்டு டிஸ்க் செத்ததுக்கு வாங்க. முதல் டிஸ்க் செத்தது ஏழு வாரமா ஏன் தெரியல? இது மூணாவது ஏன். எழுதும்மா.”

ரஞ்சிதா எழுதினாள்.

அந்தக் கணத்தில் மாதேஸ்வரனுக்கு ஒன்று புரிந்தது. விஜயகுமாருக்கும் ஒரு கடிதம் எங்கேயோ இழுப்பறையில் இருக்கிறது. இந்த அறையில் ஒவ்வொருவரும் ஐந்தாவது கட்டத்திலிருந்து தள்ளி உட்காரத்தான் வந்திருக்கிறார்கள்.

“டிஸ்க்கு கெட்டுப்போச்சுன்னு வர்ற மெயில் மோகன்குமார் ஐடிக்குப் போயிருக்குது சார். அந்த ஐடி இப்ப இல்ல.”

“அத எழுதினா, ஐடிய ஏன் மாத்தலன்னு உங்களத்தான் கேப்பான். வேற?”

“டிஸ்க்கு மூஞ்சில ஒரு சின்ன லைட்டு இருக்குது. நல்லா இருந்தா பச்சை. கெட்டா ஆரஞ்சு. அது தெரியல.”

“ஏன் தெரியல? நாலாவது ஏன்.”

சரஸ்வதி பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகி முடித்த பிறகும் திருகிக்கொண்டிருந்தாள்.

“பொட்டு வச்சிருந்துது சார்,” என்றான் மாதேஸ்வரன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் அது. கம்பெனி முழுக்கக் கழுவித் துடைத்து, லேத்துக்கு, பிரஸ்ஸுக்கு, ஃபோர்க்லிப்டுக்கு, பஞ்ச் அடிக்கிற மெஷினுக்கு எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள் சரஸ்வதி. கையில் கிண்ணம், இடுப்பில் பூச்சரம். சர்வர் அறை வாசலில் நின்று, “சாமி, உங்க பொட்டிக்கு வைக்க வேணாவா? அதுமட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?” என்று கேட்டாள். மற்றவர்கள் முன்னால் சார் என்பாள். தனியாக இருந்தால் சாமி என்பாள். சானமாவுப் பக்கத்துக்காரி. ராகிக் கொல்லையில் யானை இறங்கி இறங்கி, இனி விதைப்பது யானைக்குத்தான் என்று முடிவான வருஷம் துடைப்பம் பிடிக்க வந்தவள். மகள் அனுப்ரியா பர்கூர் அரசு இன்ஜினியரிங் கல்லூரியில் இரண்டாம் வருஷம். மாதேஸ்வரனும் அங்கேதான் படித்தான்.

“வைங்க சரசக்கா,” என்றான் அவன்.

அவள் கிண்ணத்தோடு குனிந்து ஆறு டிஸ்க்குகளையும் பார்த்தாள். கறுப்புக் கம்பி வலை, நெற்றி என்று சொல்ல இடமே இல்லை. “எங்க வைக்கறது? எல்லாம் சல்லடையா இருக்குது.”

மாதேஸ்வரன் விரலால் காட்டினான். “இங்க பாருங்க, பச்சையா லைட்டு எரியுதில்ல, அதுமேல வைங்க. நெத்தி மாதிரி அழகா இருக்கும்.”

அவள் வைத்தாள். கை நடுங்காமல், அளவெடுத்த மாதிரி, ஆறு பொட்டு. முதலில் சந்தனம், அதன்மேல் குங்குமம். சர்வர் அறையின் குளிரில் சந்தனம் இறுகிக் காரை மாதிரி ஆனது. அவன் செல்போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். முப்பத்தோரு பேர் பார்த்தார்கள். ரஞ்சிதாவும் பார்த்தாள்.

நேற்று ஞாயிறு. கம்பெனிக்கு லீவு. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, டேட்டாபேஸை நிறுத்தி, ஈ டிரைவில் ஒரு நகல் எடுத்து, நாட்குறிப்பைப் புது டிஸ்க்குகளுக்கு மாற்றி, திரும்ப ஓடவிட்டான். பதினொன்றரைக்கு லைனுக்கு இறங்கிப் போய், கழிவுத் தட்டில் கிடந்த ஒரு சிலிண்டரை எடுத்து ஸ்கேன் செய்தான். பீப். கையை எடுப்பதற்குள் பீப். நம்பாமல் இன்னொன்றை எடுத்தான். பீப். நோய்கண்டு கிடந்த அந்தச் சர்வரையே அவன் மாற்றிவைத்த இடவமைப்பு ஓடவைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முறை துடைப்புக்கு வந்திருந்த சரஸ்வதி மட்டும்தான் அங்கே இருந்தாள். “அதுக்குள்ளயா? லைன்ல புள்ளைங்க நின்னு நின்னு காலு வீங்கிப் போச்சுங்க சாமி. நீங்க நல்லா இருக்கணும்,” என்றாள்.

அவன் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான வேலை அது. பன்னிரண்டு நிமிஷம் உயிரோடு இருந்தது. மாடிக்குப் போய், எல்லாம் முடிந்ததென்று கடைசியாக ஒரு முழு நகலெடுக்க உத்தரவு கொடுத்தான். ஐந்து டிஸ்க்குகளும் மூலைமுடுக்கெல்லாம் படித்து, படித்ததைத் தங்கள் மேலேயே மறுபடி எழுத ஆரம்பித்தன. நாற்பத்தொரு சதவீதத்தில் ஐந்தாவது டிஸ்க் ‘டக், டக்’ என்றது. பிறகு அதுவும் இல்லை. திரை உறைந்தது. அவன் முன்பக்கம் ஓடிவந்து பார்த்தான். ஆறு பொட்டுகள் அமைதியாக இருந்தன. சத்தமில்லாமல் கிடந்த இரண்டின் பொட்டை நகத்தால் சுரண்டினான். மூன்றாவதன் அடியில் ஆரஞ்சு. ஐந்தாவதன் அடியில் ஆரஞ்சு. மற்றதைச் சுரண்டாமல் தரையில் உட்கார்ந்துகொண்டான். புது டிஸ்க்குகள் இரண்டும் பொட்டில்லாமல் பச்சையாக எரிந்தன. நாட்குறிப்பு அவற்றில் பத்திரமாக இருந்தது. கடைசியாக அவன் கழிவுச் சிலிண்டரை ஸ்கேன் செய்ததுவரை அதில் இருந்தது. அது சுட்டிக்காட்டிய பொருள்தான் எங்கேயும் இல்லை.

“யாரு வச்சா?” என்றார் விஜயகுமார். “அஞ்சாவது ஏன். ஏன்னா இந்த இடத்துல ஏன்னும் யாருன்னும் ஒண்ணுதான்.”

“ஹவுஸ்கீப்பிங்ல,” என்றார் நாராயணப்பன், சரஸ்வதியைப் பார்க்காமல். “பூஜைக்கு வருஷா வருஷம் அவங்கதானே வைக்கறது.”

“சர்வர் ரூமுக்குள்ள ஹவுஸ்கீப்பிங்க யாரு விட்டது? மாதேஸ்வரன், அவங்க பொட்டு வைக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?”

இதுதான் கேள்வி. மற்ற நாலும் இதற்காகத்தான் கேட்கப்பட்டன. பதில் ஒரு வரி: அங்கேதான் இருந்தேன், நான்தான் காட்டினேன். மாதேஸ்வரன் அந்த வரியை நேற்று மத்தியானத்திலிருந்து வாய்க்குள் வைத்திருந்தான். ரஞ்சிதாவின் விரல்கள் விசைகளின்மேல் காத்திருந்தன. அவள் அந்தப் படத்தைப் பார்த்தவள். தலையைத் தூக்கவில்லை.

“கீழ இருந்தன் சார். லைன் பூஜைல.”

“ஏன் சார், நீங்கதானே காட்னீங்க?” சரஸ்வதியின் குரல் உயரவில்லை. விளங்காதது ஒன்றைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். “வெளக்கு மேல வைங்க, நெத்தி மாதிரி இருக்கும்னீங்களே.”

“ஏய், சும்னிரு,” என்று கன்னடத்தில் அதட்டி வாயடைக்கப் பார்த்தார் நாராயணப்பன்.

“இல்லீங்க, நான் எங்க வைக்கறதுன்னு கேட்டன், சாருதான்...”

“அம்மா,” என்றார் விஜயகுமார், “டீய வச்சிட்டு வெளிய இருங்க.”

அவள் போனாள். பிளாஸ்க் மேஜைமேலேயே இருந்தது.

ரஞ்சிதா கேட்டாள், “சார், அவங்க சொன்னத எழுதணுமா?”

“மேல லிஸ்ட்ல அவங்க பேரு இருக்கா?”

“இல்ல சார்.”

“பெறவென்ன?”

மாதேஸ்வரனை யாரும் பார்க்கவில்லை. இன்னும் நேரம் இருந்தது. ஐந்தாவது கட்டம் நிரம்ப ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. ரஞ்சிதா இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை திருத்தினாள். ‘ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் அனுமதியின்றி சர்வர் அறைக்குள் நுழைந்து கருவிமேல் சந்தனம், குங்குமம் வைத்ததால்.’ ஆறாவது கட்டம் இருந்தால் அவளை யார் உள்ளே விட்டது என்று கேட்டிருக்கும். ஏழாவது இருந்தால் அந்த மூன்று மெயில்களைக் கேட்டிருக்கும். படிவத்தில் ஐந்துதான் இருந்தது.

“சரிசெய்யும் நடவடிக்கை?” என்றாள் ரஞ்சிதா.

“சர்வர் ரூம் கதவு எப்பவும் பூட்டி இருக்கணும். சாவி மாதேஸ்வரன் ஒருத்தர்கிட்ட மட்டும். அந்த அம்மாவ இன்னைக்கே அனுப்பிருங்க. முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ வேணும். பொட்டு இருக்கது, தொடச்சது.”

“ஆளு கெடைக்கறது கஷ்டமில்ல சார்,” என்றார் நாராயணப்பன் எழுந்துகொண்டே. “தளி பஸ்ல தெனம் பத்துப் பேரு வேல கேட்டு எறங்கறாங்க.”

பதினொன்றே காலுக்குச் சரஸ்வதி சர்வர் அறைக்கு வந்தாள். ஈரத் துணியும் வாளியும் கொண்டுவந்திருந்தாள். துடைப்பது அவள் வேலை, அன்று மத்தியானம்வரை. அடையாள அட்டையை ஏற்கெனவே வாங்கிக்கொண்டார்கள். கழுத்தில் நாடாகூட இல்லை.

மாதேஸ்வரன் ‘முன்’ படத்தை எடுத்தான். பிறகு ஒதுங்கி நின்றான். அவள் மண்டியிட்டு, சுரண்டாமல் விட்ட நாலு பொட்டுகளையும் நனைத்து, ஊறவிட்டு, துடைத்தாள். பச்சை வந்தது. அடுத்தது பச்சை. அவன் நகம் பட்டுக் கலங்கியிருந்த மூன்றாவதையும் ஐந்தாவதையும் சுத்தமாகத் துடைத்தாள். ஆரஞ்சு இரண்டும் பளிச்சென்று தெரிந்தன.

“இதானா அது?”

“ஆமாக்கா.”

“இத்தினியூண்டு.” துணியை வாளியில் பிழிந்தாள். தண்ணீர் சிவந்தது. “கைய எடுக்கட்டுமா? போட்டோவுல உழுந்துடப் போவுது.”

“எடுத்துருங்க.”

அவள் கையை எடுத்தாள். ‘பின்’ படம் எடுத்தான்.

“சரசக்கா, நான் என்னாத்துக்குன்னா... ஒண்ணாம் தேதி...”

“எனக்கு இன்னாத்துக்கு சார் அதெல்லாம்?” தனியாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் சார் என்றாள். “ஒண்ணு மட்டும். அனு உங்களுக்கு எப்பனா போன் பண்ணும். பிராஜெக்ட்டு, இன்டர்வியூன்னு எதுனா கேக்கும். நம்ம காலேஜு அண்ணன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கினு இருக்குது. எடுக்காதீங்க.”

அறையின் மூலையில் ஏசி காற்று படுகிற இடத்தில் அவளுடைய சாப்பாட்டு டப்பா இருந்தது. இங்கே வைத்தால் கெடாது என்று அவன்தான் ஒருநாள் சொல்லியிருந்தான். அதை எடுத்துக்கொண்டாள். வாளியை ஒரு கையிலும் டப்பாவை இன்னொரு கையிலும் பிடித்ததால் கதவைத் திறக்க முடியவில்லை. அவன் திறந்துவிட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் படியை நோக்கி நடந்தாள். வாளித் தண்ணீர் தளும்பி வாசலில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது.

கீழே ரஞ்சிதா படத்துக்குக் காத்திருந்தாள். மாதேஸ்வரன் உள்ளே நின்றபடியே கதவைச் சாத்தினான். சரிசெய்யும் நடவடிக்கையில் எழுதியிருந்தபடி, சாவியை இரண்டு சுற்றுத் திருப்பிப் பூட்டினான்.